கனெக்டிங் விமானம் போய்விட்டால்: காத்திருப்பதா, புது டிக்கெட்டா, ரயிலா?

ஸ்பின்னிங் மில் இயந்திரங்களைப் பொருத்தி ஓட்டிக் காட்டுவது என் வேலை. ஊர் கோயம்புத்தூர். மாதத்தில் பத்து நாளாவது குஜராத்திலோ பஞ்சாபிலோ ஏதாவது ஒரு மில்லில் இருப்பேன். எனக்கு ஒத்துவரும் நேரத்தில் நேரடி விமானம் கிடைப்பது அபூர்வம். மும்பையிலோ டெல்லியிலோ இறங்கி மாறித்தான் போக வேண்டும். அப்படிப் போய்வந்ததில் கனெக்டிங் விமானத்தைப் பல முறை தவறவிட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு வழியை எடுத்துப் பார்த்துவிட்டேன். எது எப்போது சரிப்படும் என்று எழுதிவைத்தால் என்னைப் போல வேலைக்காக அலைகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் தவறாக முடிவெடுத்த ஒரு இரவைச் சொல்கிறேன். பிறகு வரும் ஒப்பீடு எல்லாம் அங்கிருந்து கற்றதுதான்.

மழைக்காலம். கோவையிலிருந்து மும்பை, அங்கிருந்து அகமதாபாத். இரண்டும் ஒரே டிக்கெட். மறுநாள் காலை எட்டு மணிக்கு, அகமதாபாத் பக்கத்தில் இருக்கும் கடி என்ற ஊரில் ஒரு மில்லில் வேலை தொடங்க வேண்டும். கோவையிலேயே விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். மும்பையில் இறங்கியபோது மணி இரவு எட்டு. அகமதாபாத் விமானம் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கவுண்டரில் நீண்ட வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் இருபது நிமிடம் கத்திக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும், "இன்று இரவு விமானத்தில் இடமில்லை, நாளை மதியம் ஒன்றரை மணி விமானத்தில் போட்டுத் தருகிறோம்" என்றார்கள். சாப்பாட்டுக் கூப்பன் ஒன்று கொடுத்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கூப்பனை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து, டாக்சி பிடித்து போரிவலி போய், இரவு ரயிலில் ஏறிவிட்டேன்.

விடிகாலையில் அகமதாபாத் வந்துவிட்டேன். எட்டு மணிக்கு மில் வாசலில் நின்றேன். ஆனால் டூல் பாக்ஸ் செக்கின் பேக்கேஜில் போயிருந்தது. அது மும்பையிலேயே இருந்தது. ஸ்பேனர், கேஜ், மாற்றுவதற்கான சென்சார் எல்லாம் அதற்குள். பெட்டி மறுநாள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. அப்புறம் இன்னொன்று. கவுண்டரில் எதுவும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன் அல்லவா, மதிய விமானத்தில் என் பெயர் இருந்திருக்கிறது. நான் ஏறவில்லை என்றதும் கணினி என்னை வராதவர் கணக்கில் சேர்த்து, அதே பிஎன்ஆரில் இருந்த திரும்பும் டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டது. ஊர் திரும்பும் நாளில்தான் அது எனக்குத் தெரிந்தது.

அந்த மில்லின் ஸ்பின்னிங் மாஸ்டர் நம்ம ஊர்க்காரர், அவினாசி பக்கம். குஜராத் மில்களில் கோவைக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது: "ஏனுங்க, ராத்திரி பூரா தூங்காம வந்து பேனலைத் திறக்கப் போறீங்களா? மொதல்ல போய்ப் படுங்க. மிஷின் எங்கயும் ஓடிடாது." 415 வோல்ட் ஓடுகிற பேனல் அது. அவர் சொன்னது முழுக்க நியாயம். எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறோம் என்று மட்டும் நான் கணக்குப் போட்டிருந்தேன். எந்த நிலையில் போய்ச் சேர்கிறோம், கையில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை.

முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது தாமதத்தின் காரணத்தை. இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வழி நல்லது என்று சொல்லவே முடியாது.

ஒரே விமானம் ஒரு நாளில் ஐந்து, ஆறு ஊர்களுக்குப் போய்வருகிறது. காலையில் எங்கோ அரை மணி நேரம் தாமதமானால் அது ஊர் ஊராகச் சேர்ந்து மாலைக்குள் இரண்டு மணி நேரமாகிவிடும். இப்படிப்பட்ட தாமதமோ இயந்திரக் கோளாறோ என்றால் பாதிக்கப்பட்டது அந்த ஒரு விமானம்தான். மற்ற விமானங்கள் ஓடிக்கொண்டிருக்கும். விமான நிறுவனத்தோடேயே பேசி வேறொன்றில் இடம் வாங்கிவிடலாம்.

வானிலை என்றால் கதை வேறு. மும்பையில் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. ஒரே நேரத்தில் இரண்டையும் பயன்படுத்த முடியாது. மழையில் வேகம் குறைந்தால் எல்லா நிறுவனங்களும் சேர்ந்தே தேங்கிவிடும். அப்போது இன்னொரு நிறுவனத்தில் புது டிக்கெட் வாங்கினாலும் அதுவும் அதே வரிசையில்தான் நிற்கும். டெல்லியில் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரை பனிமூட்டம். 50 மீட்டர் தூரம் தெரிந்தாலே தரையிறங்க அங்கே வசதி இருக்கிறது. ஆனால் அதற்கு விமானத்துக்கும் தகுதி வேண்டும், விமானிக்கும் அந்தப் பயிற்சி இருக்க வேண்டும். டெல்லியில் விமானம் நின்றால் லூதியானாவுக்கு ரயிலில் போய்விடலாம் என்று தோன்றும். சாதாரண நாளில் அது அருமையான வழி, சதாப்தியில் நாலு மணி நேரம்தான். ஆனால் பனியில் ரயிலும் ஊர்ந்துதான் போகும், நெடுஞ்சாலை அதைவிட ஆபத்து. பனிமூட்ட இரவில் ஹோட்டலில் படுத்துத் தூங்குவதே என் முடிவு. வேறு யோசனையே செய்வதில்லை.

மூன்றாவது வகை, ஒரு நிறுவனத்தின் மொத்த ஏற்பாடும் குலைந்துபோவது. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் அதை நாடே பார்த்தது. விமானிகளின் பணிநேரம், ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்கு ஆள் ஏற்பாடு போதாமல் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மற்ற நிறுவனங்களின் கட்டணம் எகிறியதால், தூரத்தைப் பொறுத்து 7,500 முதல் 18,000 ரூபாய் வரை என்று அரசு உச்சவரம்பு வைத்தது. ரயில்வே கூடுதல் பெட்டிகளை இணைத்தது. இப்படிப்பட்ட நாளில் "அடுத்த விமானத்தில் போட்டுத் தருகிறோம்" என்ற வாக்குக்குப் பொருள் கிடையாது, அந்த அடுத்த விமானமும் ரத்தாகலாம். அன்றைக்கு யார் முதலில் ரயில் டிக்கெட் பார்த்தார்களோ அவர்கள்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

காரணத்தைக் கவுண்டரில் கேட்கலாம். கேட்டால் மழுப்புவதும் உண்டு. நம் விமானம் இதற்கு முன் எந்த ஊரில் இருந்து வருகிறது, இப்போது எங்கே இருக்கிறது என்பதை ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் நாமே பார்த்துவிடலாம். கோவையில் உட்கார்ந்திருக்கும்போதே இதைப் பார்த்திருந்தால், மும்பையில் தவறவிடப்போகிறேன் என்பது எனக்கு இரண்டு மணி நேரம் முன்பே தெரிந்திருக்கும். கோவை கவுண்டரிலேயே பேசி மாற்றியிருக்கலாம். அங்கே வரிசையும் இருக்காது.

விமான நிறுவனம் தரும் மாற்று விமானம்

காசில் பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. பெட்டி தானாக வந்துவிடும், திரும்பும் டிக்கெட்டுக்கு ஆபத்தில்லை, நிறுவனத்தின் பொறுப்பு நாம் போய்ச்சேரும் வரை தொடர்கிறது. ஆனால் இதெல்லாம் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் மட்டும்தான்.

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியில் இது தெளிவாகவே இருக்கிறது. ஒரே டிக்கெட்டில் இருந்த கனெக்டிங் விமானம் அவர்கள் தாமதத்தால் போய்விட்டால், பயணிக்கு ஏற்புடைய மாற்று விமானம் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பணத்தைத் திருப்பித் தரும்போது அதோடு இழப்பீடும் உண்டு. பயண நேரம் ஒரு மணி வரையான விமானத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் கிடைக்கும். மழை, பனி, வான்வழிக் கட்டுப்பாடு போன்றவை காரணம் என்றால் இந்த இழப்பீடு கிடையாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். "வானிலை, எங்கள் கையில் இல்லை" என்றதும் எதுவுமே கிடைக்காது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். இழப்பீடு இல்லாமல் போகலாம், ஆனால் மாற்று விமானமோ ரீஃபண்டோ தரும் கடமை அப்படியே இருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்குள்ளான விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் தர வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது.

"ஏற்புடைய" என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் சொல்லும் விமானத்தை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் கற்றுக்கொண்டது: "வேறு வழி இருக்கா?" என்று கேட்டால் "இல்லை சார்" என்றுதான் பதில் வரும். கவுண்டருக்குப் போகும் முன்பே செயலியில் தேடி, "நாளைக் காலை 6.20 விமானத்தில் இடம் காட்டுகிறது, அதில் போடுங்கள்" என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். பெரும்பாலும் போட்டுத் தந்துவிடுவார்கள். வரிசையில் நிற்கும்போதே கால் சென்டருக்கும் போன் போடுங்கள். எனக்கு இரண்டு முறை வரிசையில் என் முறை வருவதற்குள் போனிலேயே மாற்றம் முடிந்திருக்கிறது.

கவுண்டரில் நிற்கிற பெண்ணோ பையனோ விமானத்தைத் தாமதப்படுத்தியவர்கள் இல்லை. இருநூறு பேரின் கோபத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு முறை, "காலையிலிருந்து நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். வேலை நடக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டதில்லை, பார்த்ததும் கேட்கத் தோன்றியது.

காத்திருப்பதில் இருக்கும் ஒரே உண்மையான குறை, நேரம். மறுநாள் வேலை காலை எட்டு மணிக்கா, பன்னிரண்டு மணிக்கா என்பதைப் பொறுத்து இது முதல் தேர்வாகவும் இருக்கலாம், கடைசித் தேர்வாகவும் ஆகலாம். ஒரு நாள் தள்ளிப்போனால் உண்மையிலேயே என்ன ஆகும் என்று எதிர்ப்பக்கத்தில் போன் போட்டுக் கேளுங்கள். கடி மில்லுக்கு நான் அன்று கூப்பிட்டிருந்தால் மாஸ்டர், "மத்தியானம் வாங்க, போதும்" என்று சொல்லியிருப்பார். நாம் கற்பனை செய்துகொள்ளும் அவசரம் பல நேரம் அங்கே இருப்பதில்லை.

சொந்தக் காசில் புது டிக்கெட்

அவசரம் உண்மையானதாக இருந்தால், அன்றிரவே கிளம்பும் இன்னொரு நிறுவன விமானத்தில் புது டிக்கெட் வாங்குவது ஒரு வழி. கடைசி நேர விலை சாதாரண விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். கம்பெனி கொடுக்கும் என்றால் கூட, கிளம்பும் முன் டிராவல் டெஸ்க்கிலோ மேலாளரிடமோ ஒரு வாட்ஸ்அப் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பில்லில் கம்பெனி ஜிஎஸ்டி எண் போட மறந்துவிட்டுப் பிறகு அக்கவுண்ட்ஸில் நிற்பது தனித் தலைவலி.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. செயலியில் "ரீஃபண்ட்" பொத்தானை அழுத்திய நொடியில், நம்மை அகமதாபாத்தில் கொண்டுசேர்க்கும் கடமையிலிருந்து முதல் நிறுவனம் விடுபட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு புது டிக்கெட்டும் தாமதமானால் நாம் தனி ஆள்தான். அதனால் புது டிக்கெட் கைக்கு வந்து, அந்த விமானம் நேரத்துக்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பழையதைத் தொட வேண்டும். ஏஜென்ட் மூலமோ பயண இணையதளம் மூலமோ எடுத்த டிக்கெட் என்றால் பணம் அவர்கள் வழியாகத்தான் திரும்பும், நேராக எடுத்ததைவிடத் தாமதமாகும்.

நேரக் கணக்கும் போட்டுப் பாருங்கள். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் கிளம்புவதற்கு 60 நிமிடம் முன் செக்கின் கவுண்டரும், 25 நிமிடம் முன் கேட்டும் மூடிவிடுவார்கள். பெட்டி வெளியே வந்து, டெர்மினல் மாறி, மறுபடியும் பாதுகாப்புச் சோதனை முடிக்க வேண்டும். மும்பையில் முதல் டெர்மினலும் இரண்டாவது டெர்மினலும் ஒரே வளாகத்தில் இல்லை, சாலை வழியாகத்தான் போக வேண்டும். டெல்லியிலும் முதல் டெர்மினல் மற்ற இரண்டிலிருந்தும் தள்ளி இருக்கிறது. கையில் முதுகுப்பை மட்டும் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். பெட்டி உள்ளே இருந்தால் மூன்று மணி நேரம் இல்லாமல் நான் இந்த வழியில் இறங்க மாட்டேன்.

ரயில், பேருந்து, டாக்சி

மும்பை–அகமதாபாத் தடத்தில் ரயில் உண்மையிலேயே விமானத்துக்குப் போட்டி. ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பகலில் வந்தே பாரத்தும் சதாப்தியும், இரவில் குஜராத் மெயில் போன்ற ரயில்களும் இருக்கின்றன. விமான நிலையத்தில் இருந்து தெற்கே மும்பை சென்ட்ரலுக்குப் போகக் கூடாது, வடக்கே போரிவலிக்குப் போக வேண்டும். அகமதாபாத் பக்கம் போகும் முக்கிய ரயில்கள் அங்கே நிற்கும். அதே நாள் டிக்கெட்டுக்கு தட்கலை நம்ப முடியாது, அது முந்தின நாளே திறந்து முடிந்துவிடும். சார்ட் போட்ட பிறகு மீதி இருக்கும் இடங்களை கரண்ட் புக்கிங்கில் தருவார்கள், அதைத்தான் பார்க்க வேண்டும். ஏசி வகுப்பில் தனியாளுக்கு ஒரு பெர்த் கிடைக்க வாய்ப்பு உண்டு. உறுதியாகச் சொல்ல முடியாது.

ரயிலில் என்னைக் கவர்வது, படுத்துக்கொண்டு போகலாம் என்பது. விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து விடியும் வரை கண்விழிப்பதைவிட, ஒரு பெர்த்தில் ஐந்து மணி நேரம் தூங்கிப் போவது மறுநாள் வேலைக்கு எவ்வளவோ மேல். அன்றிரவு எனக்குக் கிடைத்தது உட்காரும் பெட்டி. அதனால்தான் அந்த நிலையில் போய் நின்றேன்.

ஆனால் ரயிலைத் தேர்ந்தெடுக்கும் முன் கவுண்டரில் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, செக்கின் பெட்டியை வெளியே எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். டூல் பாக்ஸ் இல்லாமல் வேலை இல்லை என்றால் அந்த நேரத்தைக் காத்திருந்தே ஆக வேண்டும், பெட்டி வருவதற்குள் ரயில் போய்விடும் என்றால் ரயிலை விட்டுவிட வேண்டும். இரண்டு, "இந்த ஒரு பகுதியில் மட்டும் நான் பயணம் செய்யவில்லை, திரும்பும் டிக்கெட்டை அப்படியே வைத்திருங்கள்" என்று சொல்லி, மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ உறுதி வாங்க வேண்டும். வாய்மொழியை நம்ப வேண்டாம்.

ஊர் திரும்பும்போது சென்னையில் கோவை விமானத்தைத் தவறவிட்டாலும் ரயில் நல்ல வழி. விமான நிலையத்திலிருந்தே மெட்ரோவில் நேராக சென்ட்ரல் போய்விடலாம், இரவில் சேரன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அதுவும் போய்விட்டால் பேருந்துக்குக் கிளாம்பாக்கம், விமான நிலையத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையில் நேராகத் தெற்கே. வீட்டுக்குத்தான் போகிறோம் என்பதால் பேருந்தில் தூங்கி வழிந்தாலும் பரவாயில்லை.

டாக்சி பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். மும்பையிலிருந்து அகமதாபாத்துக்கு இரவில் டாக்சி எடுக்காதீர்கள். ஒன்பது பத்து மணி நேரம். பகல் முழுக்க வண்டி ஓட்டிக் களைத்த ஒருவர்தான் பெரும்பாலும் நமக்கு ஓட்டுவார். எந்த மில்லும் எந்த மீட்டிங்கும் அதற்கு ஈடாகாது. நூற்றைம்பது கிலோமீட்டருக்குள், பகல் வெளிச்சத்தில் என்றால் சரி.

பாதியில் திரும்பிவிடுவது

இதை யாரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. ஒரு நாள் வேலைக்காகப் போகிறோம், அந்த நாளே போய்விட்டது என்றால், பயணத்தின் நோக்கமே முடிந்துவிட்டது. நேரில் தொட்டுச் செய்யும் வேலைக்கு வீடியோ அழைப்பு மாற்றாகாதுதான். ஆனால் வெறும் மீட்டிங் என்றால் தாராளமாக ஆகும். ஒரு முறை பெங்களூரிலேயே அப்படித் திரும்பினேன். மில்லில் இருந்த ஃபிட்டர் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் விமான நிலையத்தில் உட்கார்ந்து அளவுகளைச் சொன்னேன். முக்கால்வாசி வேலை முடிந்தது. மீதிக்கு அடுத்த வாரம் போனேன்.

வெளிநாட்டுப் பயணத்தில் கணக்கு மாறும்

2023 ஜூனில் மிலான் நகரில் ஐடிஎம்ஏ ஜவுளி இயந்திரக் கண்காட்சி நடந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை காத்திருந்து போகும் நிகழ்ச்சி. அதற்கு டிக்கெட் பார்த்தபோதுதான் ஐரோப்பிய விதியைப் பற்றி விரிவாகத் தெரிந்துகொண்டேன். 261/2004 என்று எண்ணிட்ட அந்த விதியின்படி, நிறுவனத்தின் தவறால் கடைசி ஊருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச்சேர்ந்தால் இழப்பீடு உண்டு. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ வரை. கனெக்டிங் விமானத்தைத் தவறவிட்டதால் வரும் தாமதமும் இதில் சேரும், ஒரே முன்பதிவாக இருந்தால் போதும்.

இது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் முக்கியம். ஐரோப்பாவில் இருந்து கிளம்பினால் எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் பொருந்தும். ஐரோப்பாவுக்குப் போகும்போது ஐரோப்பிய நிறுவன விமானமாக இருந்தால் மட்டும்தான். ஆகவே சென்னையிலிருந்து வளைகுடா நிறுவனத்தில் தோஹா வழியாக மிலான் போனால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதே வழியில் திரும்பி வந்தால் உண்டு. ஜெர்மன் நிறுவனத்தில் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் இரண்டு பக்கமும் உண்டு. விலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, போகும் வழிக்கு ஐரோப்பிய நிறுவனத்தை எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. விலை வித்தியாசம் பெரிது என்றால் இதற்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன்.

கோவைக்காரர்கள் செய்யும் ஒரு ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். சென்னை வரை ரயில், அங்கிருந்து வெளிநாட்டு விமானம். செலவு குறைவுதான். ஆனால் ரயில் தாமதமானால் விமான நிறுவனத்துக்கு அதில் எந்தப் பொறுப்பும் கிடையாது. தனியாக எடுத்த கோவை–சென்னை விமான டிக்கெட்டுக்கும் இதே நிலைதான். அப்படிப் போவதென்றால் முந்தின நாளே சென்னை போய்விடுங்கள். உறவினர் வீட்டில் ஒரு இரவு தங்கினால் அவர்களுக்கும் மகிழ்ச்சி.

டிக்கெட் எடுக்கும்போதே செய்யும் தேர்வு

விமானம் போன பிறகு நமக்கு இருக்கும் வழிகள் எத்தனை என்பது டிக்கெட் எடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலைக்குப் போகும்போது ஒரே டிக்கெட்தான். தனித்தனியாக எடுத்து ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடித்தால், முதல் விமானம் தாமதமான அன்று இரண்டாவது டிக்கெட்டின் முழு விலையும் போய்விடும்.

இடைவெளி எவ்வளவு என்பதில் போகும் வழிக்கும் வரும் வழிக்கும் ஒரே அளவை நான் வைப்பதில்லை. போகும்போது இரண்டரை மணி நேரமாவது வேண்டும். வரும்போது ஒன்றேகால் மணி நேரம் போதும், தவறினாலும் வீடுதானே. ஆனால் இடைவெளியைவிட நான் முக்கியமாக நினைப்பது, கனெக்டிங் விமானம் அன்றைய கடைசி விமானமாக இருக்கக் கூடாது என்பது. ஒரு மணி நேர இடைவெளியோடு போய், பின்னால் இன்னும் மூன்று விமானங்கள் இருந்தால் கவலை இல்லை. மூன்று மணி நேர இடைவெளி இருந்தும் அதுதான் கடைசி விமானம் என்றால், அது தவறிய பிறகு விமான நிலைய நாற்காலிதான். அதேபோல, காலை முதல் விமானம் முந்தின இரவே வந்து நின்றிருக்கும். முந்தைய ஊர்களின் தாமதம் அதில் ஏறாது. நாலு மணிக்கு எழ வேண்டியிருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

பிறகு கேட்டு வாங்குவது

இழப்பீட்டுச் சண்டையை அன்றிரவே போட வேண்டியதில்லை. போர்டிங் பாஸை எறியாமல் வைத்திருங்கள். தாமதம் பற்றி வந்த எஸ்எம்எஸ், அறிவிப்புப் பலகையின் படம், சாப்பாட்டு பில், டாக்சி பில் எல்லாவற்றையும் போனில் எடுத்துவையுங்கள். பெட்டி வராவிட்டால் பெல்ட் பகுதியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்கிருக்கும் மேசையில் பிஐஆர் என்ற படிவத்தை எழுதிக் கொடுத்து எண் வாங்குங்கள். வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே போவது பெரும் பாடு.

முதலில் நிறுவனத்துக்கு மெயில். பதில் சரியில்லை என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளம். அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், மும்பைக்கு அலைய வேண்டாம். டிக்கெட் விலை போல நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் வழக்குகளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. எனக்கு ஏர்சேவாவில் எழுதிய பிறகு, ரத்தான திரும்பும் டிக்கெட்டின் பணம் வந்தது. மெயிலில் ஒரு மாதம் நகராத விஷயம் அது.

அடுத்த மாதம் மறுபடியும் அதே மில். காலை முதல் விமானம், ஒரே டிக்கெட், மும்பையில் மூன்று மணி நேரம் இடைவெளி. அது தவறினாலும் அன்றைக்கே அகமதாபாத்துக்கு இன்னும் விமானங்கள் இருக்கின்றன. டூல் பாக்ஸை மட்டும் என்னோடு எடுத்துப் போகவில்லை. பத்து நாள் முன்னதாகவே பார்சல் லாரியில் போட்டுவிட்டேன். வந்துசேர்ந்ததும் ஸ்டோரில் வைத்துப் பூட்டி, போட்டோ அனுப்புவதாக மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.